தெருநாய் என்று சொன்னோம்

நான் ரொறன்ரோவில் இருந்த ஏழு வருடங்களில் பதினொரு இடங்களில் குடியிருந்தேன். அவற்றில் பத்தை மறந்தாலும் எனக்கு நட்டமில்லை. மற்றது ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் இருந்த ஒரு செங்கல் வீடு. அதன் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே உள்ள தட்டில், நாங்கள் மூன்று ஆண்கள் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அண்ணையும் அவருடைய மனைவியும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு கொழும்பு, பெர்லின், பாரிஸ், மொன்றியல் என்று போன இடமெல்லாம் கோப்பை கழுவினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். படிப்பு ஏறாவிட்டாலும் பாஷைகள் எனக்கு ஒட்டும். உணவகச் சமையலறைகளில் பொறுக்கிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அந்த வட்டாரத்தில் பலருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆஸ்பத்திரி, வெல்ஃபெயர் பணம் கொடுக்கிற கந்தோர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கே என்றாலும் யாராவது "தம்பி, ஒருக்கா வந்து கதைச்சுவிடும்" என்று கேட்டால் போவேன். கைம்மாறு எதுவும் வாங்கமாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் வாயிலிருந்து வந்ததுதான் அவர்கள் சொன்னது என்று அங்கே எழுதப்படும். அதை நான் ஒரு பொறுப்பாக நினைக்கவில்லை. கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அண்ணை யாழ்ப்பாணத்தார். பகலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலும் மாலையில் ஒரு கார் தரிப்பிடத்திலும் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் மட்டும் பகல் நேரத்தில் வீட்டில் சாரத்தோடு காணலாம். வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. அதற்குள் அவரும் மனைவியும் ஒரு கலியாணத்துக்குப் போன நேரம் யாரோ பின்கதவை உடைத்து, போட்டது போக மிச்சமிருந்த நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனி ஞாயிறில் தமிழர் கலியாண மண்டபத்தில் இருப்பார்கள் என்று கள்வருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அண்ணை தன்னோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து ஒரு நாயை வாங்கிவந்தார். அல்சேஷன் கலப்பு. நல்ல கறுப்பு.

இரண்டு வேலை செய்கிறவருக்கு நாயைப் பார்க்க நேரமில்லை. பேஸ்மென்ற்றில் வேலை இல்லாமல் அதிகம் இருந்தவன் நான். ஆகவே நாய் என் கைக்கு வந்தது. சோற்றில் இறைச்சி எலும்பைப் போட்டுப் பிசைந்து கொடுப்பேன். ரவுத்திரமான நாய் என்று சொல்லமாட்டேன். புதியவர்களைப் பிடிக்காது, அவ்வளவுதான். பின்வளவில் ஒரு இரும்புக் கம்பத்தோடு சங்கிலியில் கட்டியிருப்போம். அண்ணை எனக்குச் சொன்னது ஒரே ஒரு விதி. "பக்கவாட்டுக் கேற் திறக்க முதல் நாயைக் கட்டியிருக்க வேணும். அதை மட்டும் மறந்துபோடாதை."

சனிக்கிழமை மத்தியானங்களில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற ஓர் அக்கா இருந்தார். மட்டக்களப்பிலிருந்து வந்தவர். டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில், இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளை ஊரில், தன் அண்ணனுடைய வீட்டில் விட்டுவந்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பார். தடித்த துணி, தடித்த நூல், பெரிய மெஷின். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து சமைத்து, சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி எங்களைப் போன்ற தனி ஆண்களின் பேஸ்மென்ற்றுகளுக்குப் புட்டும் கறியும் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்களை விட அதிகம் வயதில்லை. ஆனாலும் எல்லாரையும், மகனே என்பதை மட்டக்களப்பார் சொல்கிற மாதிரி, "மனே" என்றுதான் கூப்பிடுவார்.

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வெக்கையாக இருந்தது. நான் பின்வளவில் நாயைக் குளிப்பாட்ட வெளிக்கிட்டேன். அது கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சங்கிலியைச் சிக்கலாக்கியிருந்தது. சிக்கலை எடுக்க முடியாமல் கழுத்துப் பட்டியிலிருந்து சங்கிலியைக் கழற்றிவிட்டேன். அந்த நேரம் கேற்றுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"மனே, ஆரும் இரிக்கிறீங்களா? கையில பாரமாக் கிடக்கு."

"கேற் பூட்டேல்லை அக்கா, தள்ளிக்கொண்டு வாங்கோ!"

இப்படிக் கத்தும்போது என் ஒரு கையில் தண்ணீர்க் குழாய், மற்றக் கையில் சவர்க்காரம். நாயைக் கட்டவில்லை என்ற நினைப்பு அந்த நொடியில் எனக்கு இல்லை. இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. மறந்துபோனேன்.

நாய் குரைத்துக்கொண்டு கேற் பக்கம் ஓடியது. அக்கா பையை நிலத்தில் வைத்தார். ஓடவில்லை. ஊரில் நாய் குரைத்தால் நாங்கள் யாரும் ஓடுகிறதில்லை. குனிவோம். நிலத்தில் கல் இருக்கிறதோ இல்லையோ, கல் எடுக்கிற மாதிரி ஒரு கையை விட்டால் போதும், எந்த நாயும் வாலை மடக்கிக்கொண்டு திரும்பிவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. அக்கா அதைத்தான் செய்தார். அவர் குனிந்த விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்காபரோவில், சீமெந்து போட்ட பாதையில், இல்லாத கல்லை ஒருவர் தேடுகிறார். நான் சிரித்தேன்.

அந்த நாய் கனடாவில் பிறந்தது. அதன் மேல் ஒருவரும் கல் எறிந்ததில்லை. குனிந்த ஆளைக் கண்டு பயப்பட அதற்கு ஒரு காரணமும் இல்லை. நிலத்துக்கு நீட்டிய கையை அப்படியே பிடித்துக்கொண்டது.

வலது கை. பெருவிரலின் அடிச் சதை. நான் ஓடிப்போய்க் கழுத்துப் பட்டியில் இழுக்க இழுக்க அது விடவில்லை. அண்ணை உள்ளேயிருந்து ஓடிவந்து வயிற்றில் உதைத்த பிறகுதான் விட்டது.

"என்னடா செய்தனி? கட்டச் சொல்லி எத்தினை தரம் உனக்குச் சொன்னனான்!" என்று அண்ணை என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு அக்காவைப் பார்த்து, "பிள்ளை, நீர் ஏன் குனிஞ்சனீர்? உது ஊர் நாயே?" என்றார்.

அக்கா நிலத்தில் இருந்துகொண்டு, இரத்தம் வடிகிற கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஊர் நாய் எண்டா இந்நேரம் ஓடியிரிக்கும் அண்ணே. படிச்ச நாய் போல."

அண்ணையின் மனைவி துவாய் கொண்டுவந்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துவாயால் சுற்றி, மூவரும் காரில் ஏறினோம். அண்ணை ஓட்டினார். நான் பின்னால் அக்காவோடு இருந்து துவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது சிக்னலில் அண்ணை சொன்னார். "தம்பி, அங்கை ஆற்றை நாய் எண்டு கேப்பாங்கள்."

"ஓம், கேப்பாங்கள்."

"என்ரை எண்டு சொன்னா நகரசபைக்காரன் வீட்டை வருவான். பேஸ்மென்ற்றிலை மூண்டு கட்டில் கிடக்கு. நான் இன்சூரன்ஸ் கடதாசியிலை வாடகைக்கு ஒருத்தரும் இல்லை எண்டுதான் போட்டனான். நாயைப் பற்றியும் சொல்லேல்லை. தெரிஞ்சா வெட்டிப்போடுவாங்கள். இன்சூரன்ஸ் இல்லையெண்டா பாங்க் விடாது."

அவர் அழுகிற மாதிரி இருந்தார். அந்தக் காலத்தில் அப்படி எழுதாத வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. வாடகைக்கு ஆள் வைக்காமல் எங்களில் ஒருவரும் வீட்டுக் கடன் கட்ட முடியாது. வீட்டு இன்சூரன்ஸ் என்றால் நெருப்புக்கும் கள்ளனுக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான். அவருடைய நாய் யாரையாவது கடித்தால் அந்தக் காயத்துக்கும் அதே கடதாசிதான் பொறுப்பு என்பது அந்தக் காரில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. தன்னைக் காப்பாற்ற வேண்டிய ஆளுக்குப் பயந்துதான் அவர் அன்றைக்கு ஒளித்தார்.

"தெருநாய் எண்டு சொல்லுவம்," என்றேன்.

அதைச் சொன்னது நான். அண்ணை இல்லை. இதை இங்கே தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

அண்ணை கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடியிருந்தார். "சொல்லு மனே," என்றார். "ஆற்ற நாய் எண்டா என்ன, கடிச்சது கடிச்சதுதானே. ஒருத்தர்ட வீட்டைக் கெடுக்கப்படாது."

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்டார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார்.

தெருநாய் என்றால் என்ன என்று கேட்டார். சொந்தக்காரர் இல்லாத நாய் என்றேன். எந்தத் தெருவில் என்று கேட்டார். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். இதற்கு முதல் அதைக் கண்டிருக்கிறீர்களா, எந்தப் பக்கம் போனது, வாயில் நுரை இருந்ததா, தள்ளாடியதா? நான் எதிர்பார்த்தது ஒரு கேள்வி. வந்தது இருபது. ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெருநாய் கடித்தது என்று சொன்னால் அதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் இருக்காது. இங்கே தெருநாய் என்று ஒன்று இல்லை. ஒரு நாய் தனியே ரோட்டால் போனால் யாராவது ஒருவர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார். இரண்டு வருடமாக அந்த நகரத்துத் தெருக்களில் நடந்திருக்கிறேன், கட்டாத ஒரு நாயை நான் கண்டதில்லை. அது என் மண்டையில் ஏறவே இல்லை. பொய் சொல்லத் தெரிந்தவன் குறைந்தது நடக்கக்கூடிய பொய்யாகவாவது சொல்லியிருக்க வேண்டும்.

நிறம் கேட்டார். மண்ணிறம் என்றேன். ஒரு காது கிழிந்தது, வால் வளைந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதினார்.

பிறகு டொக்டர் வந்தார். இளம் ஆள், பொறுமையானவர். கையைப் பார்த்துவிட்டு என்னிடம் விளங்கப்படுத்தினார். நாய் யாருடையது என்று தெரிந்தால் நல்லது; அதைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்போம், பத்து நாளும் நாய் சுகமாக இருந்தால் விசர்நாய் ஊசி ஒன்றும் தேவையில்லை. நாய் இல்லாதபடியால் இன்றைக்கே தொடங்க வேண்டும். காயத்துக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அது நோகும். பிறகு கையில் ஒரு மாதத்துக்குள் ஐந்து. "நாயைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்" என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுறார் மனே?"

நாய் ஐந்து மைல் தூரத்தில் கம்பத்தில் கட்டியபடி இருந்தது. அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று காலையும் நான் கொடுத்த சோற்றை வழித்துத் தின்றது.

"ஊசி போட வேணுமாம்," என்றேன்.

"தொப்புளைச் சுத்தியா? ஊரில இருவத்தொண்டு போடுவாங்களே."

"இல்லை அக்கா. இப்ப கையிலைதான்."

டொக்டரிடம் திரும்பி, நாயைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று அக்கா சொல்கிறார் என்றேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்கவே இல்லை.

காயத்துக்குள் ஊசி இறங்கியபோது அவர் இடது கையால் என் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. அவருடைய நகங்கள் பட்ட இடம் ஒரு கிழமை சிவந்திருந்தது.

அடுத்த கிழமை நகரசபையின் வாகனம் ஒன்று எங்கள் தெருவில் இரண்டு நாள் மெதுவாகப் போய்வந்தது. கிழிந்த காதுள்ள மண்ணிற நாயைத் தேடினார்கள். அயலில் உள்ளவர்கள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. வீட்டுக்குள் அடைத்துவைத்த எங்கள் கறுப்பு நாய் யன்னலில் ஏறி நின்று அந்த வாகனத்தைப் பார்த்துக் குரைத்தது. அண்ணை பயந்துபோய், விட்பியில் புது வீடு வாங்கியிருந்த ஒருவருக்கு நாயைக் கொடுத்துவிட்டார். அது அங்கே சுகமாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்காவின் கை சுகமாகவில்லை. முதலில் சீழ் கட்டியது, நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காயம் ஆறியபோது பெருவிரல் உள்ளே மடியவில்லை. அதன் நுனியில் உணர்ச்சி இல்லை. கார் இருக்கைத் துணியைப் பெருவிரலால் அழுத்தித் தள்ளித்தான் தைக்க வேண்டும். தொழிற்சாலையில் அவரை முதலில் நூல் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கத்தரிக்கோலையும் பிடிக்க முடியவில்லை. வேலைத்தலத்தில் நடந்த காயம் இல்லை என்றபடியால் தொழிலாளர் நட்டஈடும் கிடையாது. பனி விழத் தொடங்கமுதல் வேலை போய்விட்டது. சனிக்கிழமைச் சாப்பாடும் நின்றது. தேங்காய் துருவ முடியாத கையால் புட்டு அவிக்க முடியாது.

அண்ணை கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னொரு பொய் சொன்னவன் ஆவேன். அவரும் மனைவியும் கிழமைக்கு ஒருமுறை டோர்செட் பார்க்குக்குப் போய் வந்தார்கள். பழம், அரிசி, மீன் என்று கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பரிகாரம் அது. பிழை செய்தவர் வீடு தேடிப்போவார், மற்றவர் ஒரு தேத்தண்ணீர் கொடுப்பார், விஷயம் தீரும். ஆனால் ஒரு பெருவிரலுக்கு எத்தனை பெட்டி அப்பிள் கொண்டுபோவது?

நவம்பரில் ஒருநாள் அக்கா என்னைத் தேடி வந்தார். வீட்டுக்கு வரவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த டோனற் கடைக்கு வரச்சொன்னார். கோப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"குறை நினையாத மனே," என்று தொடங்கினார். "என்னோட வேலை செஞ்ச பிலிப்பினோப் பிள்ளை சொல்லுறா, இந்த நாட்டில வீட்டு இன்சூரன்ஸ் நாய்க்கடிக்கும் குடுக்குமாம். அண்ணைட கையால போகாதாம். சட்ட உதவி நிலையத்தில போய்க் கேட்டன். ஓம் எண்டுதான் சொன்னாங்க. ஆனா ஆஸ்பத்திரிக் கடதாசியில தெருநாய் எண்டு கிடக்காம். கண்டவங்க ஆரும் வந்து சொல்லணுமாம்."

நான் சீனிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து என் கோப்பியில் கொட்டினேன்.

"நீதானே கண்டனீ."

"ஓம் அக்கா."

"அண்ணைட வீட்டுக்கு ஒண்டும் வராதெண்டா நான் கேக்கிறன். வருமெண்டா வேணாம். அந்த லோயர் பொம்பிளை சொல்லுறா, நேரத்தோட சொன்னா பெரிசா ஒண்டும் வராதாம். திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னா. வருவியா?"

"வாறன்."

"உண்மையா வருவியா? உன்ட காலைப் பத்தி எனக்குத் தெரியும்."

"வாறன் எண்டு சொல்லுறன் தானே அக்கா!"

என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவன் என்று ஒரு கடதாசியில் என் பெயர் ஏறினால் அது என் கோப்புக்குள் போய்ச் சேரும், நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பமாட்டார்கள் என்று பயந்தேன். அது நடந்திருக்குமா என்று யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொன்றியலுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலை இருப்பதாக நண்பன் சொல்லியிருந்தான். வேலை இருந்தது உண்மை. திங்கட்கிழமைக்குப் பிறகும் அது இருந்திருக்கும் என்பதும் உண்மை.

திங்கள் பத்து மணிக்கு நான் துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் மணிக்கூடு இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தேன்.

என் அகதி வழக்கு மார்ச்சில் முடிந்தது. ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கிழமையே நான் ரொறன்ரோவுக்குத் திரும்பினேன். இதை ஒரு நல்ல காரியமாக எழுத எனக்கு வாய் வரவில்லை. பயம் போன பிறகு வந்தவன் நான்.

முதலில் அண்ணையிடம் போனேன். சட்ட உதவி நிலையத்தில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் குசினி மேசையில் இருந்து கேட்டார்.

"உனக்கென்ன? பெட்டியைத் தூக்கினியெண்டா அடுத்த ஊர். நான் இருபத்தைஞ்சு வருசத்துக்கு உந்த வீட்டிலை கட்டிவிட்ட மாடு. தெருநாய் எண்டு சொல்லித் தந்ததும் நீ, இப்ப உண்மை பேச வாறதும் நீ. நல்ல ஆளடா."

பிறகு அவரே கேட்டார், "பிள்ளையின்ரை கை இப்ப எப்பிடி இருக்காம்?" வந்ததிலிருந்து நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த நாள் அவரே இன்சூரன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்சூரன்ஸ் கம்பனி விசாரிக்க ஓர் அலுவலரை அனுப்பியது. சாம்பல் கோட், சின்ன ஒலிப்பதிவுக் கருவி. பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போய்க் கட்டில்களைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கேற்றைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னை உட்கார வைத்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். குளிப்பாட்டியது, கேற், அக்கா குனிந்தது, நான் சிரித்தது. அவர் தன் பையிலிருந்து ஆஸ்பத்திரி அறிக்கையின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். மண்ணிறம், கிழிந்த காது, வளைந்த வால்.

"இதுவும் நீங்கள் சொன்னதுதானே?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"ஓம்."

"எட்டு மாதத்துக்கு முதல், காயம் நடந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சொன்னீர்கள். இப்போது வேறு சொல்கிறீர்கள். அந்த நாய் எங்கே?"

விட்பியில் நாயை எடுத்துக்கொண்டவர் குளிர் காலத்தில் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார், யாரென்று சொல்ல முடியவில்லை. அலுவலர் கருவியை நிறுத்தினார். கோபமோ ஏளனமோ அவர் முகத்தில் இருக்கவில்லை. என்னைப் போல் பலரைப் பார்த்திருப்பார்.

கம்பனி மறுத்துக் கடிதம் அனுப்பியது. நேரத்துக்கு அறிவிக்கவில்லை, நாயையும் வாடகைக்காரரையும் மறைத்தது, நடந்ததைப் பற்றி இரண்டு கதை இருப்பது என்று காரணங்கள். சட்ட உதவி நிலையத்து லோயர் அதை எனக்கும் அக்காவுக்கும் வாசித்துச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன், இந்த முறை ஒரு சொல் விடாமல். முதல் கிழமையில் உண்மையைச் சொல்லியிருந்தால், நாய்க்கும் பேஸ்மென்ற்றுக்கும் முறுமுறுத்திருப்பார்கள், கட்டணத்தைக் கூட்டியிருப்பார்கள், ஆனால் கைக்குப் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள் என்றார். நவம்பரில் வந்திருந்தாலும் முயன்று பார்த்திருக்கலாம். இப்போது இருக்கிற வழி வீட்டுக்காரர் மேலேயே வழக்குப் போடுவது. அதில் வெல்லலாம். இன்சூரன்ஸ் பின்னால் நிற்காத வழக்கு என்றால் அது அவருடைய வீட்டில்தான் போய் நிற்கும்.

அக்கா யோசிக்கக்கூட இல்லை. "வேணாமெண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். லோயர் அவரிடம் நேரடியாக ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், நிச்சயமாகவா என்று. அக்கா தலையாட்டினார்.

பஸ்ஸில் அவரோடு டோர்செட் பார்க் வரை போனேன். லிஃப்ற் வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறினோம். அறைக்குள் போனதும் அவர் இடது கையால் கேத்திலை அடுப்பில் வைத்தார். பழகிவிட்டார் என்று தெரிந்தது. நான் கதவடியிலேயே நின்றுகொண்டு சொன்னேன். பத்து நாள் நாயைக் கட்டிவைத்துப் பார்த்தால் ஊசி தேவையில்லை என்று அன்றைக்கு டொக்டர் சொன்னதை, உங்களிடம் கேட்கச் சொன்னதை, நான் கேட்காததை.

அவர் திரும்பவில்லை. கேத்தில் கொதிக்கிறவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிச்ச ஊசிக்கெல்லாம் பஸ்ஸிலதான் போனன்," என்றார் பிறகு. "ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் நீ வந்தாய். இல்ல, ரெண்டாவதுக்கு மட்டும்."

"ஓம்."

"என்னட்டக் கேட்டிருந்தாலும் நான் தெருநாய் எண்டுதான் சொல்லியிருப்பன் மனே. அண்ணைட வீட்டுக்காகச் சொல்லியிருப்பன். ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்."

தேத்தண்ணீர் ஊற்றினார். ஒரு கோப்பைதான். அதை என்னிடம் தந்தார். நான் குடித்து முடிக்கிறவரை அவர் கட்டிலில் இருந்து அந்தப் பெருவிரலை மற்றக் கையால் மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி.

"ஒரு ரெண்டு மாசத்துக்கு இஞ்சால வராத," என்றார் நான் எழும்பியபோது. "கோவமெண்டு நினையாத. இப்ப உன்னைக் கண்டா கை நோகுது. ரெண்டு மாசம் போகட்டும். பிறகு வா. இலையான் மொய்க்கிற மாதிரி அந்த வேலைக் கந்தோர்ப் படிவங்கள் வந்து குவியுது, எனக்கு எழுத ஏலா. நீ வந்து எழுதித் தரணும்."

"வாறன் அக்கா," என்றேன்.

ஏழு மாடியையும் இறங்கி வந்தேன். அவர் சொன்னது இரண்டு மாதம். இனி வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் படிவங்கள் எழுத ஆள் தேவைப்பட்டது, அதற்கு அவர் என்னையே கேட்டார், இவ்வளவுக்குப் பிறகும். ஆனால் படி இறங்குகிறபோதே என் மனம் அதை 'வராதே' என்ற ஒரு சொல்லாக ஆக்கிக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டால் எனக்குச் சுகம். தண்டனை கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்தது என்று போய்விடலாம்.

இரண்டு மாதம் முடிந்தபோது நான் மேற்கே, கல்கரி நகரத்தில் இருந்தேன்.